கோல்ஃப் வண்டியின் வேகமும் இழுவையும்: மோட்டார் சுழற்சியையும் கியர் விகிதத்தையும் கணக்கிட்டு மாற்றும் முறை

பழைய எலெக்ட்ரிக் கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியுமா, அதற்குக் கியரை மாற்றினால் போதுமா? அப்படிக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, அவர் தினமும் போகும் வழியில் மிகச் செங்குத்தான மேடு எது என்பதைத்தான். அந்த மேட்டை முன்னால் வைத்துக் கணக்குப் போட்டால் கியரை மாற்றலாமா, டயரை மாற்றலாமா, மோட்டாரை மாற்றலாமா, எதையும் தொடாமல் பேட்டரியை மட்டும் சரி செய்தால் போதுமா என்பது தெரிந்துவிடும். மேட்டை மறந்துவிட்டுச் சமதரை வேகத்தை மட்டும் நினைத்துச் செய்த மாற்றங்களால் கெட்டுப்போன மோட்டார்களை நான் நிறையவே கழற்றிப் பார்த்திருக்கிறேன் என்பதால், இந்த வழிகாட்டியை அந்தக் கோணத்திலேயே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் களம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். ஈ-இசட்-கோ, கிளப் கார் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் அங்குள்ள அகஸ்டா பகுதியில்தான் இயங்குகின்றன. அட்லாண்டாவுக்குத் தெற்கே உள்ள பீச்ட்ரீ சிட்டியில் சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனிப் பாதைகள் போடப்பட்டிருப்பதால், மக்கள் கடைக்கும் பள்ளிக்கும் கோல்ஃப் வண்டியிலேயே போய் வருகிறார்கள். விளையாட்டுத் திடலில் மணிக்கு 20 கிலோமீட்டர் தாராளமாகப் போதும். கடைக்குப் போகிறவருக்கு 30 வேண்டும் என்று தோன்றுகிறது. வண்டியை வடிவமைத்தவர் நினைத்த பயன்பாடு ஒன்று, வாங்கியவர் செய்யும் பயன்பாடு வேறொன்று. இந்த இடைவெளியை எப்படிச் சேதமில்லாமல் நிரப்புவது என்பதே நம் வேலை. பெட்ரோல் வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் பெல்ட்டால் இயங்கும் கிளட்ச்சும் இருப்பதால் அவற்றின் கணக்கு வேறு. இங்கே எலெக்ட்ரிக் வண்டிகளை மட்டும் பார்ப்போம்.

ஒரே ஒரு கியர்

காரில் இருப்பதுபோல் மாற்றிப் போடும் கியர்கள் இந்த வண்டியில் இல்லை. மோட்டார் பின் ஆக்சிலின் மீது நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஆக்சிலின் உள்ளே இருக்கும் இன்புட் ஷாஃப்ட் மோட்டாரின் பல்லமைந்த துளைக்குள் நுழைந்து சுற்றும். அது இடையில் உள்ள ஒரு கியரைச் சுற்ற, அந்தக் கியர் டிஃபரன்ஷியலின் (இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் அமைப்பின்) பெரிய ரிங் கியரைச் சுற்றும். இப்படி இரண்டு கட்டங்களில் வேகம் குறைந்து சக்கரத்துக்குப் போகிறது. ஈ-இசட்-கோ எலெக்ட்ரிக் வண்டிகளில் பொதுவாகக் காணப்படும் விகிதம் 12.44-க்கு 1, கிளப் காரில் 12.28-க்கு 1. அதாவது மோட்டார் ஏறக்குறைய 12 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் 12.44 பங்கில் ஒன்றாகக் குறையும்போது, உராய்வில் போகும் சிறு இழப்பு நீங்கலாக, முறுக்கு விசை (டார்க்) 12.44 மடங்கு பெருகுகிறது. நாம் இழுவை என்று சொல்வது இந்தப் பெருக்கத்தைத்தான்.

வெளிச்சந்தையில் கிடைக்கும் வேகக் கியர்கள் பெரும்பாலும் 8-க்கு 1 அல்லது 6-க்கு 1 என்ற விகிதத்தில் வருகின்றன. எண் குறையக் குறைய வேகம் கூடும், இழுவை குறையும். இதில் எந்த மாயமும் இல்லை. கியர் சக்தியை உண்டாக்குவதில்லை. மோட்டார் கொடுக்கும் சக்தியை வேகமாகவும் இழுவையாகவும் எந்த அளவில் பங்கிடுவது என்பதை மட்டும் அது முடிவு செய்கிறது. சக்தி கூட வேண்டுமென்றால் மோட்டாருக்குப் போகும் வோல்டேஜோ கரண்டோ கூட வேண்டும். பெரிய டயர் போடுவதும் கியரை மாற்றுவதற்குச் சமம்தான். 18 அங்குல டயர் இருந்த இடத்தில் 22 அங்குல டயரைப் போட்டால், 12.44 என்ற விகிதம் நடைமுறையில் 10.18 ஆகிவிடுகிறது. தோற்றத்துக்காகப் பெரிய டயர் மாட்டிவிட்டு, கியரில் கையே வைக்கவில்லையே, மேட்டில் ஏன் திணறுகிறது என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இதையே.

மோட்டாரின் சுழற்சி வேகம் எதைப் பொறுத்தது

மோட்டார் சுற்றும்போது அதுவே ஒரு ஜெனரேட்டரைப் போல எதிர் வோல்டேஜ் ஒன்றை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த எதிர் வோல்டேஜும் கூடி, பேட்டரி தரும் வோல்டேஜை நெருங்கும். நெருங்க நெருங்க உள்ளே பாயும் கரண்ட் குறையும். வண்டியைத் தள்ளுவதற்குத் தேவையான கரண்ட் மட்டும் பாயும் புள்ளியில் வேகம் நிலைபெறும். ஆகவே சுழற்சி வேகத்தைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. பேட்டரி வோல்டேஜைக் கூட்டினால், 36 வோல்ட் 48 ஆகும்போது சுழற்சி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். காந்தப் புலத்தைத் தளர்த்தினாலும் மோட்டார் வேகமாகச் சுற்றும். ஆனால் ஒவ்வொரு ஆம்பியரும் தரும் முறுக்கு விசை அப்போது குறைந்துவிடும். கடைகளில் "ஸ்பீடு மோட்டார்", "டார்க் மோட்டார்" என்று பிரித்து விற்பதன் அடிப்படையும் ஏறக்குறைய இதுவே: குறைந்த கம்பிச் சுற்று கொண்ட ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) வேகமாகச் சுற்றும், அதிகச் சுற்று கொண்டது நன்றாக இழுக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை மோட்டார் என்பதை இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். நான்கு முனைகளும் தடிமனாக இருந்து, அவற்றில் எஸ்1, எஸ்2 என்று எழுதியிருந்தால் அது புலக் காயிலும் ஆர்மேச்சரும் ஒரே தொடராக இணைந்த சீரீஸ் மோட்டார். ஏ1, ஏ2 முனைகள் தடிமனாகவும் எஃப்1, எஃப்2 முனைகள் மெல்லியதாகவும் இருந்தால், புலக் காயிலுக்குத் தனியாக மின்சாரம் போகும் செபெக்ஸ் மோட்டார். மூன்று தடித்த கேபிள்களும் ஒரு சிறு சென்சார் ஒயரும் போனால் அது ஏ.சி. மோட்டார்.

இந்த வேறுபாடு கியர் மாற்றத்தின் பலனை நேரடியாகப் பாதிக்கிறது. செபெக்ஸ் வண்டியில் மோட்டாரின் முனையில் உள்ள வேக சென்சாரைப் பார்த்து, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஆளும் கன்ட்ரோலர் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.-க்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற அளவுக்கு) மேல் போக விடாமல் பிடித்து வைத்திருக்கும். சமதரையில் அந்த வரம்பை எட்டும் அளவுக்குச் சக்தி மிச்சமிருந்தால், கியரை மாற்றியவுடன் வேகம் கணக்குப்படியே கூடும். சீரீஸ் மோட்டாருக்கு அப்படி நிலையான வேகம் கிடையாது. சுமை கூடினால் சுழற்சி குறையும், சுமை குறைந்தால் சுழற்சி ஏறிக்கொண்டே போகும். வேகக் கியர் போட்டதும் மோட்டாரின் மீது விழும் சுமை கூடுவதால் அதன் சுழற்சி இறங்கிவிடும். ஆகவே சீரீஸ் வண்டியில் காகிதக் கணக்கு காட்டும் வேகம் சாலையில் முழுமையாகக் கிடைக்காது. இதே காரணத்தால்தான் சீரீஸ் மோட்டாரைக் கழற்றி மேசையில் வைத்து முழு பேட்டரி வோல்டேஜைக் கொடுக்கவே கூடாது; சுமை இல்லாமல் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சரின் சுற்றுகளும், அவற்றுக்குக் கரண்டைக் கொண்டுசேர்க்கும் கம்யூட்டேட்டர் பட்டைகளும் பிய்ந்து தெறிக்கும். பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பதும் அதே ஆபத்தை அழைப்பதாகும்.

ஏ.சி. மோட்டார் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வரை முழு இழுவையையும் தந்து, அதற்கு மேல் இழுவையைப் படிப்படியாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வேகமாகச் சுற்றக்கூடியது. 5,000 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டிச் சுற்றும் ஏ.சி. மோட்டார்கள் இருப்பதால், ஏ.சி.-க்கு மாறுகிறவர்கள் 12.44 கியரை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. புறப்படும்போது முழு இழுவையும், ஓட்டத்தில் முழு வேகமும் இரண்டுமே கிடைக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளை எடுக்க வேண்டும்: டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம், சமதரை வேகம், கியர் விகிதம்.

டயரின் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் தரையிலும் ஒரு கோடு போடுங்கள். வழக்கமாகப் போகும் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருக்க, வண்டியை நேராகத் தள்ளி, டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தைக் குறித்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 18 அங்குல டயருக்குக் கணக்குப்படி 1.436 மீட்டர் வர வேண்டும். சுமையில் டயர் நசுங்குவதால் உண்மையில் 1.40 மீட்டரை ஒட்டி வரும். காற்று குறைந்திருந்தால் இன்னும் குறையும். அதன் பிறகு வண்டியை முழு சார்ஜில் சமதரையில் இரு திசைகளிலும் ஓட்டி, கைபேசியின் ஜி.பி.எஸ். காட்டும் வேகங்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அளவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வண்டி ஏற்கெனவே ஒருவரிடமிருந்து வாங்கியது என்றால், முந்தைய உரிமையாளர் கியரை மாற்றியிருக்கிறாரா என்பதை அவர் சொல்லும் வார்த்தையை நம்பி முடிவு செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மோட்டாரைக் கழற்றி எடுங்கள். வெளியே தெரியும் இன்புட் ஷாஃப்டின் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வையுங்கள். ஒருவர் ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் மற்றதை மிக மெதுவாகச் சரியாக ஒரு முழுச் சுற்று சுற்ற, இன்னொருவர் வெள்ளைப் புள்ளி எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ண வேண்டும். டிஃபரன்ஷியல் இருப்பதால், ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒரு முறை சுற்றினால் ரிங் கியர் அரைச் சுற்றுதான் சுற்றும். எனவே எண்ணி வந்ததை இரண்டால் பெருக்க வேண்டும். ஆறு முழுச் சுற்றும் கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் வந்தால் அது 12.44, சரியாக நான்கு சுற்று வந்தால் உள்ளே ஏற்கெனவே 8-க்கு 1 கியர் இருக்கிறது. ஒருமுறை இப்படி எண்ணியபோது எங்களுக்கு மூன்றே சுற்றுதான் வந்தது. அந்த வண்டியின் உரிமையாளர் வேகக் கியர் வாங்குவதற்காகத்தான் வந்திருந்தார். 6-க்கு 1 ஏற்கெனவே உள்ளே இருந்தது அவருக்கே தெரியாது.

மூன்றும் கிடைத்த பிறகு கணக்கு எளிது. மோட்டாரின் ஆர்.பி.எம்.-ஐ டயரின் ஒரு சுற்றுத் தூரத்தால் (மீட்டரில்) பெருக்கி, அதை 0.06-ஆல் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வரும். 3,000 ஆர்.பி.எம்., 1.40 மீட்டர், 12.44 என்று போட்டால் 20.3 கிலோமீட்டர். அதே மோட்டாருக்கு 8-க்கு 1 கியர் என்றால் 31.5, 6-க்கு 1 என்றால் 42. கியரை மாற்றாமல் 22 அங்குல டயர் (ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.71 மீட்டர்) போட்டால் 24.7. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 38.5. கணக்கைத் திருப்பிப் போட்டு, ஜி.பி.எஸ். வேகத்திலிருந்து மோட்டார் உண்மையில் எத்தனை ஆர்.பி.எம். சுற்றுகிறது என்பதையும் கண்டுபிடிக்கலாம். அது உற்பத்தியாளர் சொல்லும் அளவைவிட மிகவும் குறைவாக இருந்தால், குறை கியரில் இல்லை; பேட்டரி, கேபிள், பிரேக் உரசல் ஆகியவற்றில் எங்கோ இருக்கிறது.

மேட்டின் கணக்கு

மேலே கண்ட எண்கள் எல்லோருக்கும் பிடித்தவை. இனி வருபவற்றைத்தான் பெரும்பாலோர் போட்டுப் பார்ப்பதில்லை.

லெட்-ஆசிட் பேட்டரிகளோடு வண்டி 450 கிலோ, இரண்டு பேர் 150 கிலோ, ஆக 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் டயரின் உருளும் தடையை வெல்ல ஏறக்குறைய 118 நியூட்டன் விசை போதும். 10 விழுக்காடு ஏற்றத்தில், அதாவது 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில், புவியீர்ப்பு மட்டும் 586 நியூட்டனைக் கேட்கிறது, மொத்தம் 704. சமதரையில் தேவைப்பட்டதைப்போல் ஆறு மடங்கு. கைபேசியின் லெவல் செயலியைச் சாலையில் வைத்துப் பார்த்தால் 10 விழுக்காடு என்பது 5.7 டிகிரிதான். கண்ணுக்கு அது பெரிய மேடாகவே தெரியாது.

இந்த விசையைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, கியர் உராய்வுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் மோட்டார் தர வேண்டிய முறுக்கு விசை கிடைக்கும். 12.44 கியரில் அது சுமார் 14 நியூட்டன் மீட்டர். 8-க்கு 1 கியரில் சுமார் 22. அதோடு 22 அங்குல டயரும் சேர்ந்தால் சுமார் 26. செபெக்ஸ் மோட்டாரில் முறுக்கு விசையும் கரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடுகின்றன. சுருளில் உண்டாகும் வெப்பமோ கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. முறுக்கு விசை 1.55 மடங்கானால் வெப்பம் 2.4 மடங்கு, 1.9 மடங்கானால் வெப்பம் 3.6 மடங்கு. சீரீஸ் மோட்டாரில் கரண்டோடு காந்தப் புலமும் வலுப்பெறுவதால் நிலைமை ஓரளவு மென்மையாக இருக்கும். ஆனால் இரும்பு முழுக்கக் காந்தமேறிய பிறகு அதிலும் இதே கதைதான்.

இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மேட்டில் வண்டி ஒரே வேகத்தில் ஏறுகிறது என்றால், எந்தக் கியராக இருந்தாலும் பேட்டரியிலிருந்து எடுக்கப்படும் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். மேலே சொன்ன வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மேட்டில் ஏறச் சக்கரத்தில் 3.9 கிலோவாட் தேவை. 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் போகும். ஆனால் மோட்டாருக்குள் பாயும் கரண்ட் வேறு. கன்ட்ரோலர் பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கரண்டைப் பெருக்கி மோட்டாருக்குத் தருகிறது. வேகக் கியர் போட்ட வண்டியில் மோட்டார் மெதுவாகச் சுற்றி, அதிகக் கரண்டை வாங்கி, அதே மேட்டில் ஏறுகிறது. எனவே பேட்டரி கேபிளில் ஆம்பியர் மீட்டரை மாட்டி, பழைய அளவுதானே காட்டுகிறது என்று திருப்தி அடைந்துவிடக் கூடாது. மீட்டரை மோட்டார் கேபிளில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாததன் விளைவை ஒரு வண்டியில் நேரில் கண்டேன். 22 அங்குல டயர், 8-க்கு 1 கியர், நான்கு இருக்கைகள், வீட்டுக்குப் போகும் வழியில் நீண்ட மேடு ஒன்று. சமதரையில் மிக அருமையாக ஓடுகிறது, மேட்டின் பாதியில் வேகம் விழுந்துவிடுகிறது, கடைசியாக ஒரு வாசனை வந்தது என்று உரிமையாளர் சொன்னார். மோட்டாரைத் திறந்தபோது சுட்ட வார்னிஷின் நெடி முகத்தில் அடித்தது. ஆரோக்கியமான கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில் ஒரே சீராகப் பளபளக்கும்; இதில் எதிரெதிரே இருந்த பட்டைகள் கருகி, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு மேடிட்டிருந்தன. கார்பன் பிரஷ்களின் விளிம்புகள் உதிர்ந்து, அவற்றைப் பிடித்திருந்த ஸ்பிரிங்குகள் வெப்பத்தில் நீல நிறம் ஏறித் தளர்ந்திருந்தன. குறிப்பிட்ட சில பட்டைகள் மட்டும் கருகியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மேட்டில் வண்டியைப் பிரேக்கால் நிறுத்தாமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே நிறுத்தி வைத்தால், சுற்றாமல் நிற்கும் ஆர்மேச்சரின் அதே சில பட்டைகள் வழியாக முழுக் கரண்டும் பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும். எந்தக் கியர் இருந்தாலும் இந்தப் பழக்கம் கூடாது. வேகக் கியர் உள்ள வண்டியில் சில நொடிகளே போதும் மோட்டாரைக் கெடுக்க.

எந்த வரிசையில் மாற்றுவது

என் பரிந்துரை, கியரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே.

பேட்டரியில் தொடங்குங்கள். 48 வோல்ட் லெட்-ஆசிட் தொகுப்பு முழு சார்ஜில், சில மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு 50.9 வோல்ட் காட்ட வேண்டும். மேட்டில் ஏறும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். அது 42 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஏதோ ஒரு பேட்டரி தளர்ந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். வோல்டேஜ் விழுந்தால் சுழற்சி வேகமும் அதே அளவு விழும் என்பதால், தளர்ந்த பேட்டரியோடு செய்யும் எந்த மாற்றமும் வீண். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் வண்டி புதிது போல் ஆகிவிட்டதாகச் சொல்வதில் உண்மை இருக்கிறது: சுமையிலும் வோல்டேஜ் அதிகம் இறங்காது, எடையும் பெரிதாகக் குறையும்.

மேட்டில் ஏறி இறங்கியவுடன் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கேபிள்களின் முனைகளை ஒவ்வொன்றாகக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் முனையில் இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது உள்ளே அரித்திருக்கிறது. 6 கேஜ் கேபிள் உள்ள வண்டியில் அதிக ஆம்பியர் கன்ட்ரோலர் போடுவதென்றால் கேபிளையும் 4 அல்லது 2 கேஜுக்கு (எண் குறையக் குறையக் கேபிள் தடிமனாகும்) மாற்ற வேண்டும், பிரதான மின் சுவிட்சாக வேலை செய்யும் சாலினாய்டையும் மாற்ற வேண்டும்.

செபெக்ஸ் வண்டிகள் பலவற்றில் கன்ட்ரோலரின் வேக வரம்பை நிரல் மூலமே உயர்த்தலாம். செலவு குறைவு, பிரித்து மாட்டும் வேலை இல்லை, பிடிக்காவிட்டால் பழைய நிலைக்கே திரும்பலாம் என்பதால் இதை முயன்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 36 வோல்ட் சீரீஸ் வண்டியாக இருந்தால் 48-க்கு உயர்த்துவது நல்ல பலன் தரும். வேகம் கூடுவதோடு இழுவையும் குறையாது. ஆனால் கன்ட்ரோலர், சாலினாய்டு, சார்ஜர், விளக்குகளுக்கான வோல்டேஜ் மாற்றி எல்லாம் 48 வோல்ட்டைத் தாங்குபவையாக இருக்க வேண்டும். இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மோட்டார். மேடுள்ள ஊரில் டார்க் மோட்டாரும் அதிக வோல்டேஜும் சேர்ந்த இணை, ஸ்பீடு மோட்டாரும் வேகக் கியரும் சேர்ந்த இணையைவிட எல்லா வகையிலும் மேலானது. அந்த இரண்டாவது இணையை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் 8-க்கு 1 கியர் யாருக்குத்தான் பொருந்தும்? முழுக்கச் சமதரையில், இரண்டு பேர் மட்டும், 18 அங்குல டயரில் போகிறவருக்கு அது நன்றாகப் பொருந்தும். ஃப்ளோரிடாவின் தட்டையான குடியிருப்புகளில் குறையில்லாமல் ஓடும் வண்டி, ஜார்ஜியாவின் ஏற்ற இறக்கமான பாதையில் அதே அமைப்போடு சூடேறிவிடும். உடலைத் தூக்கி உயர்த்திப் பெரிய டயர் போட்ட வண்டிக்கு இதற்கு நேர்மாறான மருந்து தேவை: இழந்த இழுவையை மீட்க, 12.44-ஐவிட அதிக விகிதமுள்ள கியர் கிடைத்தால் அதைப் போட வேண்டும். 22 அங்குல டயரோடு பழைய இழுவையே வேண்டுமானால் 15-க்கு 1-ஐ ஒட்டிய விகிதம் தேவைப்படும்.

கியரை மாற்றும் வேலை

வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கியர் வாங்காதீர்கள். ஒரே பெயரில் வந்த வண்டிகளில் ஆண்டுக்கு ஆண்டு ஆக்சில் மாறியிருக்கிறது. ஆக்சிலில் பதித்துள்ள எண்ணையும் இன்புட் ஷாஃப்டின் பல் எண்ணிக்கையையும் பார்த்த பிறகே வாங்குங்கள். வழக்கமாக இன்புட் ஷாஃப்டும் இடைக் கியரும் ஜோடியாக வரும், ரிங் கியர் பழையதே இருக்கும். ஜோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

ரன்-டோ சுவிட்ச் (ஓட்டும் நிலை, கட்டி இழுக்கும் நிலை என்று மாற்றும் சுவிட்ச்) உள்ள வண்டியில் அதை டோ நிலைக்குத் தள்ளிவிட்டு, பேட்டரியின் பிரதான நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் சிறிது நேரம் காத்திருந்துதான் மோட்டார் கேபிள்களில் கை வைக்க வேண்டும்; கழற்றும் ஒவ்வொரு கேபிளுக்கும் அதன் முனையின் பெயரைத் துணிப் பட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். மோட்டாரை வெளியே எடுக்கும்போது அதன் துளைக்குள் ஒரு சிறு ரப்பர் தாங்கி இருக்கும், அது கீழே விழுந்து தொலைந்துபோவது வழக்கமான தவறு. எண்ணெயை வடித்து, அது விழும் பாத்திரத்தில் காந்தம் ஒன்றைப் போட்டு வைத்தால் உள்ளே எந்த அளவு தேய்மானம் என்பது தெரியும்: மாவு போன்ற கரும்பசை இயல்பு, மின்னும் சில்லுகள் இருந்தால் பேரிங்கையும் பற்களையும் ஆராய வேண்டும்.

டிரம்களையும் ஆக்சில் ஷாஃப்டுகளையும் உருவி, கேசிங்கைப் பிரித்து, புதிய ஜோடியைப் பழைய பேரிங்கோடு பொருத்தாமல் புதிய பேரிங்கோடு பொருத்துங்கள். இவ்வளவு தூரம் பிரித்த பிறகு பழைய பேரிங்கை மறுபடி போடுவது எனக்குச் சம்மதமில்லை. பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்காமல், பிரஸ்ஸில் வைத்து உள்வளையத்தின் மீது மட்டும் அழுத்தம் விழும்படி இறக்க வேண்டும். மூடிய பிறகு இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றினால் எங்கும் சிக்காமல், ஒரே மாதிரி சுற்ற வேண்டும். ஓரிடத்தில் கனத்தால் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்புட் ஷாஃப்டின் நுனியிலுள்ள ஸ்பிளைன் பற்களில் கிரீஸ் தடவி, ரப்பர் தாங்கியை மறக்காமல் வைத்து மோட்டாரை மாட்டுங்கள். எண்ணெய் எது, எவ்வளவு என்பதை அந்த ஆக்சிலின் கையேட்டைப் பார்த்தே ஊற்ற வேண்டும். பல எலெக்ட்ரிக் வண்டிகளில் எஸ்.ஏ.இ. 30 எண்ணெயே போதுமானது, கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றினால் வேகத்தில் ஒரு பகுதியை எண்ணெயே தின்றுவிடும்.

பிரேக்கை விட்டுவிட்டு இந்த வேலையை முடித்ததாக நினைக்க முடியாது. பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரங்களில் மட்டுமே கேபிளால் இயங்கும் டிரம் பிரேக் இருக்கிறது. வேகம் 20-லிருந்து 32 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. பெரிய டயர் போட்டால் அதே பிரேக்கின் பிடி மேலும் குறைகிறது. ஷூக்களைப் புதிதாக்கி, இரு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும்படி சரி செய்யாமல் வண்டியை வெளியே விடாதீர்கள். சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஜார்ஜியாவில் சமதரை வேகம் மணிக்கு 20 மைலுக்கு, அதாவது 32 கிலோமீட்டருக்கு, உள்ளே இருந்தால்தான் அது தனிநபர் போக்குவரத்து வண்டி என்ற வகையில் சேரும். 20 மைலைத் தாண்டி 25 வரை போகும் வண்டியைக் கூட்டரசு விதி 1998 முதல் குறைவேக வாகனம் என்ற தனி வகையாகக் கருதி, சீட் பெல்ட், விளக்குகள், கண்ணாடிகள், அடையாள எண் முதலியவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 6-க்கு 1 கியரும் பெரிய டயரும் சேர்ந்த வண்டி இந்த இரண்டு வரம்புகளையும் மீறிவிடும்.

எல்லாம் முடிந்ததும், முதல் ஓட்டத்தைச் சமதரையில் வைத்துக்கொண்டு, ஊளைச் சத்தம் வருகிறதா என்று முன்னும் பின்னும் ஓட்டிக் கேளுங்கள். அதன் பிறகு, தொடக்கத்தில் நான் கேட்ட அந்த மேட்டுக்கு வழக்கமான ஆட்களோடு போங்கள். அடிவாரத்தில் வண்டியை முழுக்க நிறுத்தி, அங்கிருந்து புறப்பட்டு உச்சி வரை ஏறி, பிரேக்கைப் போட்டு நிறுத்தி, இன்ஃப்ரா ரெட் வெப்பமானியை மோட்டாரின் உறையில் காட்டுங்கள். கியரை மாற்றுவதற்கு முன் இதே மேட்டில், இதே ஆட்களோடு எடுத்த அளவு கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால், அந்த முதல் அளவை வேலை தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உறை கை வைக்க முடியாத சூட்டில் இருந்து, மூன்று முறை ஏறுவதற்குள் மேலும் ஏறிக்கொண்டே போனால், பழைய கியர் ஜோடியைத் துடைத்து எண்ணெய் தடவி எங்கே வைத்தீர்கள் என்று தேடி எடுங்கள்.